எல்போ உள்ளூரா, இறக்குமதியா? முதலில் மரையைப் பாருங்கள்

புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் நீராவி லைனுக்கு எல்போ (பைப்பை வளைத்து இணைப்பது), டீ (மூன்று பக்கம் இணைப்பது) வாங்கும்போது விலைக்கு முன்னால் மரையை, அதாவது திருகும் புரியைப் பாருங்கள். நம் பைப்பில் வெட்டுவது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவு மரை, புரியின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க அளவில் வரும் இறக்குமதிச் சரக்கு என்.பி.டி., 60 டிகிரி. அரை இன்ச், முக்கால் இன்ச்சில் இரண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரைதான். அதனால் ஏறிவிடும், ஆளை ஏமாற்றிவிடும். டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் சூடேறியதும் கசியும். 1 இன்ச் பைப்பில் பி.எஸ்.பி.க்கு இன்ச்சுக்கு 11 மரை, என்.பி.டி.க்கு 11.5, சில சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். மரையை அளக்கும் த்ரெட் கேஜ் ஒன்று கையில் இருந்தால் இந்தத் தகராறே இல்லை.

தண்ணீர் லைனுக்கு ஐ.எஸ். 1879 (இந்தியத் தர எண்) முத்திரை போட்ட உள்ளூர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஃபிட்டிங்கே போதும். அதற்குப் போய் இறக்குமதி தேடுவது வீண் செலவு. பாய்லர் லைன் வேறு கதை: ஃபோர்ஜ்டு ஏ105 (அடித்து உருவாக்கிய கார்பன் எஃகு), 3000 கிளாஸ் (அழுத்தம் தாங்கும் வகுப்பு), கூடவே ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) 3-சி படிவம், அதாவது ஃபிட்டிங்கின் தயாரிப்பு, சோதனைச் சான்றிதழ். இறக்குமதிச் சரக்கு மாட்டிக்கொள்வது இந்தத் தாளில்தான். சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் எண்) இரும்பில் அடித்திருப்பதும் ஒத்துப்போகவில்லையா, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.