ஆறுக்குக் கீழே

ஜனவரி 18
ராத்திரி ரெண்டு மணி. போர்வை நுனி வலது கால் கட்டைவிரலில் பட்டதும் கத்திவிட்டேன். கொசுவுக்காகப் போட்ட ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன், காற்று படுவதே தாங்கவில்லை. விரல் பழுத்த மிளகாய் நிறத்தில் பளபளவென்று வீங்கி நிற்கிறது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு மூன்று நாளாகக் கறி, ஈரல், குடல், அவ்வளவுதான்.

ஜனவரி 19
பக்கத்துத் தெரு டாக்டர் சுளுக்கு என்கிறார். யூரிக் ஆசிட் 6.4, லேப் தாளில் 7.2 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கிறது, அதனால் கவுட், அதாவது யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிந்து வரும் வலி, இல்லையாம். இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டார். கட்டு! இந்த விரலுக்கு!

ஜனவரி 21
ஒற்றைச் செருப்போடு ஆட்டோவில் மூட்டு டாக்டரிடம் போனோம். பார்த்ததுமே கவுட் என்றார். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் குறைந்துகூடக் காட்டுமாம், அடங்கி ரெண்டு வாரம் கழித்து எடுக்கச் சொன்னார். வலிக்குக் கொல்சிசின் 0.5, காலை ஒன்று, இரவு ஒன்று. அப்புறம் என் பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதுல நீர் பிரியற மருந்து கலந்திருக்கே" என்றார். ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. யூரிக் ஆசிட்டை வெளியே போகவிடாதாம். லோசார்டானுக்கு மாற்றியிருக்கிறார், அது கொஞ்சம் வெளியேற்றவும் செய்யுமாம். நாலு வருஷமாக அந்த மாத்திரையை விழுங்குகிறேன், வீட்டில் எல்லோரும் குடல் குழம்பை மட்டும்தான் திட்டுகிறார்கள்.

ஜனவரி 22
வயிறு போகிறது. நாலாவது தடவை. நொண்டிக்கொண்டு.

ஜனவரி 24
வீக்கம் வற்றி விரலில் தோல் உரிகிறது. கொல்சிசின் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிறதாம், அதாவது செங்காந்தள், நம்ம மாநிலப் பூ. அப்பத்தா வீட்டு வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீ மாதிரி பூத்துக் கிடக்கும், "கிழங்கைத் தொட்டே, கையை ஒடிச்சுருவேன்" என்று விரட்டுவாள். தின்றால் ஆள் காலி. ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள், பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். அப்பத்தாவுக்கும் இதே விரல் வீங்கும். வாதம் என்று சொல்லி நொச்சி இலை வதக்கிக் கட்டிக்கொள்வாள்.

ஜனவரி 27
அம்மா பருப்பை நிறுத்திவிட்டாள், தக்காளியும் கீரையும் கிடையாது. கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும். நான் என்ன பிள்ளை பெற்றவளா? டாக்டருக்கு போன் போட்டேன். பருப்பு, கீரை தாராளமா சாப்பிடுங்க, மோர் நல்லது, காபியும் குடிக்கலாம் என்றார். ஈரல், குடல், நெத்திலி, பீர்தான் ஆகாது. ஜிகர்தண்டாவும்தானாம். சர்க்கரையும் இதை ஏற்றும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாயங்காலம் ஆனால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடையில் நிற்கிற ஆள் நான்.

பிப்ரவரி 5
9.1.

பிப்ரவரி 6
யூரிக் ஆசிட்டைக் குறைக்க ஃபெபுக்ஸோஸ்டாட் 40, தினமும் ஒன்று. கூடவே கொல்சிசின் ஒன்று, சில மாதங்களுக்கு. 6க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைக்க வேண்டும். வாயைக் கட்டினால் மட்டும் போதாதா என்று கேட்டேன். அதில் ஒரு புள்ளி இறங்கினால் பெரிசு என்றார். 9.1ல் ஒன்று போனால் 8.1. ரொம்ப நேரம் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11
உசிலம்பட்டியிலிருந்து மச்சினன் போன். "மச்சான், சிவராத்திரிக்கு மறுநாள் மாசிப் பச்சைக்கு ரெண்டு கிடா, நீங்க வராம வெட்டமாட்டோம்." தலைக்கறி எனக்குத்தான் என்று வேறு சொல்கிறான்.

பிப்ரவரி 14
இடது கணுக்கால். ஒரு துண்டு கறி தொடவில்லை, சத்தியமாக. மாத்திரை ஆரம்பித்து எட்டே நாள். ராத்திரி முழுக்க போர்வையைத் தூக்கிப் பிடிக்க காலுக்கு ரெண்டு பக்கமும் தலையணை. இந்த மாத்திரைதான் இழுத்துவிட்டது, நாளையோடு நிறுத்துகிறேன்.

பிப்ரவரி 15
நிறுத்தவில்லை. உப்புப் பொரிந்த சுவரைப் பார்த்திருக்கீங்களா, ஈரம் காய ஆரம்பிச்சாத்தான் பொலபொலன்னு உதிரும், மூட்டுல படிஞ்ச உப்பும் அப்படித்தான் என்றார் டாக்டர். ஆரம்பத்துல இப்படி ரெண்டு மூணு தடவை வரலாம், வந்தாலும் நிறுத்தக்கூடாது. சரி, மாத்திரை எழுதும்போது முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே இதை?

பிப்ரவரி 18
வலி பாதி. அட்டையில் இன்னும் மூன்று மாத்திரை. அம்மா நேற்றே சிவராத்திரி விரதப் பேச்சை எடுத்துவிட்டாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் எல்லா நோவும் போகுமாம். பட்டினி கிடந்தாலும் தண்ணீர் குடிக்காவிட்டாலும் இது கிளம்பும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. ராத்திரி விரதம், மறுநாள் கிடா. மச்சினன் மறுபடி போன் அடிக்கிறான், எடுக்க