கறுப்புத் திரையில் வந்த அந்த ஒரு வரி

புதிய கணினிகள் 40 வந்து இறங்கியிருந்தன. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலையத் தேவையில்லை. நெட்வொர்க் வழியாகவே பூட் செய்து, டிப்ளாய்மென்ட் சர்வரிலிருந்து விண்டோஸ் இமேஜை (நிறுவத் தயாராக வைத்திருக்கும் பிரதி) இறக்கிவிடலாம். இரண்டு வருடமாக அந்த சர்வரை நான்தான் பார்த்துவந்தேன். பழைய கணினிகள் எத்தனையோ அதில் தடையில்லாமல் ஏறியிருந்தன. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

முதல் கணினியை இயக்கினேன். கறுப்புத் திரை, கொஞ்ச நேரம் அமைதி, பிறகு 'பிஎக்ஸ்இ-இ16' என்று தொடங்கும் ஒரு வரி. பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் வழி பூட் செய்யும் முறையின் பெயர். செல்லத்தக்க பதில் எதுவும் வரவில்லை என்பது அந்த வரியின் பொருள். நான் அதைப் படித்தேன், ஆனால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நேராக சர்வரிடம் போய்விட்டேன். சர்வீஸை நிறுத்தித் தொடங்கினேன். பூட் இமேஜை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். அன்று இரவு சர்வரில் அந்த வேலையைச் செய்யும் டிப்ளாய்மென்ட் ரோலையே கழற்றிவிட்டு முதலிலிருந்து நிறுவினேன். இரண்டு நாள் போனது. 40 கணினிகளும் அதே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

நெட்வொர்க் பூட் என்பது வரிசையாக நடக்கும் சில உரையாடல்கள். கணினி விழிக்கும்போது அதற்கு ஐபி முகவரி கிடையாது. யாராவது ஒரு முகவரி கொடுங்கள் என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. டிஎச்சிபி சர்வர் முகவரி தருகிறது. பூட் ஃபைல் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்ற விவரம் அடுத்து வருகிறது. அப்புறம்தான் டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் பரிமாற்ற முறை வழியாக அந்தச் சிறிய ஃபைலை இறக்குகிறது. அது போய்ப் பெரிய பூட் இமேஜைக் கொண்டுவருகிறது. எந்தப் படியில் அறுந்தது என்பதைத் திரையில் வரும் வரியே சொல்லிவிடும். கணினி விழித்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள் பழைய பயாஸ் வகையாக இருந்து, இ51 வந்தால் கூவலுக்குப் பதிலே இல்லை. இ53 என்றால் முகவரி வந்துவிட்டது, பூட் ஃபைலின் பெயர் வரவில்லை. இ32 என்றால் பெயர் தெரிந்து ஃபைலைக் கேட்டும் டிஎஃப்டிபி திறக்கவில்லை. பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ வகையில் வரும் இ16, ஏறக்குறைய அந்த இ51-இன் இடத்தில் இருப்பது. முதல் படியிலேயே அறுந்துபோன ஒன்றுக்காக, நான்காம் படியில் இருக்கும் பூட் இமேஜை நான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கேபிள் வேலை பார்க்கும் சக ஊழியர் ஒருவர் கடைசி மேசையில் ஒரு கணினியை இணைத்தார். அதில் மட்டும் முகவரி வந்தது! என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கேபிள் எட்டல சார், அதான் நடுவுல இதைப் போட்டேன்" என்று மேசைக்கு அடியில் காட்டினார். ஐந்து போர்ட் உள்ள சின்ன ஸ்விட்ச், பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் கருவி. அமைப்புகள் எதுவும் இல்லாத, சாதாரணப் பெட்டி.

அந்தப் பெட்டிதான் விடையைச் சொன்னது. எங்கள் பெரிய ஸ்விட்ச்சில் ஸ்பேனிங் ட்ரீ இயங்கிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கில் தகவல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும் சுழற்சி உண்டாகாமல் காக்கும் ஏற்பாடு அது. ஒரு போர்ட்டில் இணைப்பு புதிதாக உயிர் பெற்றால், கவனிக்க 15 நொடி, கற்றுக்கொள்ள 15 நொடி என்று, ஆக மொத்தம் 30 நொடி வழக்கமான போக்குவரத்து எதையும் அது கடக்க விடாது. கணினி பூட் ஆகும்போது நெட்வொர்க் கார்டை ஒருமுறை அணைத்து எழுப்புகிறது. இணைப்பு அறுந்து மறுபடி வருகிறது. 30 நொடி எண்ணிக்கையும் அங்கிருந்து புதிதாகத் தொடங்குகிறது. நடுவில் சின்னப் பெட்டி இருந்தால் பெரிய ஸ்விட்ச்சின் பக்கம் இணைப்பு அறுவதே இல்லை. சர்வர் பக்கம், நெட்வொர்க்கில் போகும் வரும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சின்னப் பெட்டி இல்லாத கணினிகளின் கூவல் சர்வர் வரைக்கும் வந்து சேரவே இல்லை.

அப்படியானால் பழைய கணினிகள் எப்படி ஏறின? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. 1999-இல் வெளிவந்த பிஎக்ஸ்இ 2.1 வரையறையில் கூவலுக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முறையே 4, 8, 16, 32 நொடி காத்திருக்க வேண்டும். கூட்டினால் ஒரு நிமிடம். பழைய கார்டுகள் அந்தப் பொறுமையோடு இருந்தன. முதல் மூன்று கூவலும் வீணாகி, நான்காவது போய்ச் சேர்ந்திருக்கிறது. புதிய கணினிகளின் ஃபர்ம்வேர், அதாவது அந்த யூஇஎஃப்ஐ உள் மென்பொருள், அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. அதாவது கோளாறு இரண்டு வருடமாக அங்கேயேதான் இருந்தது. 'பூட் ஆகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்' என்று புதிதாக வந்தவர்களிடம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த மந்தத்தை ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருந்தால் இந்த மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

கணினிகள் இணையும் போர்ட்டுகளில் மட்டும், அந்த 30 நொடிக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் இயக்கச் சொன்னேன். ஸ்விட்ச்சுக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவே உள்ள போர்ட்டுகளில் அதை இயக்கக்கூடாது, சுழற்சி உண்டாகக்கூடும். போர்ட்ஃபாஸ்ட் இருக்கும் இடத்தில் பிபிடியு கார்டு என்ற காவல் அமைப்பையும் சேர்த்துப் போடுவது நல்லது. யாராவது தெரியாமல் ஸ்பேனிங் ட்ரீ இயங்கும் இன்னொரு ஸ்விட்ச்சை அங்கே செருகினால் அந்தப் போர்ட் மூடிக்கொள்ளும்.

சரி, முகவரி வந்தது. வேலை முடியவில்லை. பூட் ஃபைல் இறங்கிவிட்டது என்று திரை சொல்லும், அடுத்த கணமே சத்தமில்லாமல் பூட் மெனுவுக்குத் திரும்பிவிடும். இந்த முறை சர்வரைத் தொடவில்லை. ஃபைல் இறங்கியிருக்கிறது, அப்படியானால் நெட்வொர்க் சரி, வந்த ஃபைல்தான் தவறு. டிஎச்சிபி பதிலில் பூட் ஃபைலின் பெயரைச் சொல்லும் இடமான ஆப்ஷன் 67-இல் பல காலத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த பயாஸ் வகை ஃபைலின் பெயர் இருந்தது. யூஇஎஃப்ஐ கணினியால் அதை இயக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கணினியும் ஆப்ஷன் 93 வழியாகத் தன் வகையைத் தானே சொல்கிறது. 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. எல்லாருக்கும் ஒரே பெயரை நாமே எழுதிவைத்துவிட்டால் அந்தத் தகவலுக்கு மதிப்பில்லாமல் போகிறது. பூட் சர்வரைச் சொல்லும் 66, ஃபைலைச் சொல்லும் 67 இரண்டையும் நீக்கினோம். ரூட்டரில், கணினியின் கூவலை அனுப்பிவைக்க வேண்டிய ஐபி ஹெல்பர் முகவரியாக டிஎச்சிபி சர்வரோடு டிப்ளாய்மென்ட் சர்வரையும் சேர்த்தோம். கணினியின் வகையைப் பார்த்து சர்வரே சரியான ஃபைலைக் கொடுத்தது.

40-இல் 32 கணினிகள் அன்றே ஏறின. மீதி 8 வேறு மாடல், பூட் இமேஜில் இருக்கும் சிறிய விண்டோஸான விண்டோஸ் பிஇ வந்த பிறகு நின்றன. ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி, ஐபி முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் முகவரி வெறுமை. அந்தக் கட்டத்தில் கார்டை இயக்குவது ஃபர்ம்வேர் அல்ல, பூட் இமேஜுக்குள் இருக்கும் டிரைவர். அந்த மாடலுக்கான டிரைவரைச் சேர்த்ததும் சரியாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொலைவில் இருந்த கட்டடத்தில் பூட் இமேஜ் இறங்கவே நெடுநேரம் ஆனது. டிஎஃப்டிபியின் அடிப்படை வரையறையில் ஒரு துண்டு 512 பைட். ஒன்று வந்து சேர்ந்தது என்று கணினி பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது கிளம்பும். 400 எம்பி இமேஜ் என்றால் எட்டு லட்சத்துக்கும் மேல் துண்டுகள். போய்வர ஒரு மில்லிநொடி ஆனால்கூட 13 நிமிடத்துக்கு மேல். ஆசைப்பட்டுத் துண்டின் அளவை 16384 ஆக்கினேன். ஈதர்நெட்டின் 1500 பைட் வரம்பில் அது சிதறி, நடுவில் இருந்த ஃபயர்வால் சிதறல்களைக் கைவிட்டது, இறக்கமே நின்றது. அந்த வரம்புக்குள் அடங்கும் 1456-க்கு மாற்றியதும் சீராக வந்தது. இங்கே ஏன் மெதுவாக இருக்கிறது என்று இந்த முறை நானே கேட்டுக்கொண்டு போனேன்.

இப்போது யாராவது நெட்வொர்க் பூட் வரவில்லை என்று அழைத்தால், திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். அந்த வரியைப் பார்க்காமல் சர்வரில் கை வைப்பதில்லை.

போர்ட்ஃபாஸ்ட் போட்ட வாரம் பழைய கணினிகள் இருந்த பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். "இப்பல்லாம் சட்டுன்னு வந்துடுது சார், சர்வரை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, ஸ்விட்ச்சில் ஒரு வரி சேர்த்தோம் என்றேன்.