அடிச்சியின் பியாஃப்ரா நாவலைப் படித்து முடித்த விதம்

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சியின் ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’ நாவல் 2006இல் வந்தது. மறு ஆண்டு, பெண்கள் எழுதும் ஆங்கில நாவல்களுக்கான பிரிட்டனின் ஆரஞ்சு பரிசு பெற்றது. நைஜீரியாவின் கிழக்குப் பகுதி, அங்கே பெரும்பான்மையான இக்போ இனத்தவரின் தலைமையில், பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிந்ததால் 1967 முதல் 1970 வரை நடந்த போர்தான் களம். எங்கள் வாசிப்புக் குழுவில் இதை முழுதாகப் படித்து முடித்தோம். போர்க் காட்சிகளின் கொடுமை தாங்காமல் புத்தகத்தை வைத்துவிடுகிறவர்கள் உண்டுதான். ஆனால் பலர் நின்றுபோவது அதற்கு முன்னால், காலம் முன்னும் பின்னும் தாவும் இடத்தில்.

நாவலில் 37 அத்தியாயங்கள், நான்கு பாகங்கள். முதல் பாகம் அறுபதுகளின் தொடக்கம், இரண்டாவது அறுபதுகளின் இறுதி. மூன்றாவதில் மறுபடி தொடக்க ஆண்டுகளுக்குப் போய், நான்காவதில் போரின் முடிவுக்கு வருகிறது. பாகங்கள் சம அளவில் இல்லை: 6, 12, 6, 13 அத்தியாயங்கள். வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று பிரித்தால் பாகத்தின் நடுவில் வெட்டுப்படும். அடுத்த கூட்டத்தில் பாதிப் பேர் எந்த ஆண்டில் இருக்கிறோம் என்று கேட்பார்கள். ஒரு பாகத்தை ஒரு தவணையாக வைத்துக்கொண்டு, இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் இரண்டாக உடைப்பது வசதி.

கதை மூன்று பேரின் பார்வையில் மாறி மாறி நகர்கிறது. ஓப்பி கிராமத்திலிருந்து என்சுக்கா பல்கலைக்கழகக் குடியிருப்புக்கு வேலைக்காரப் பையனாக வரும் பதின்மூன்று வயது உக்வு. அவனுடைய எஜமானரான கணித விரிவுரையாளர் ஓடெனிக்போவைக் காதலிக்கும் ஒலானா. ஒலானாவின் இரட்டைச் சகோதரி கைனேனேயோடு வாழும் ஆங்கிலேயர் ரிச்சர்ட். ஓடெனிக்போவுக்கும் கைனேனேக்கும் தனி அத்தியாயம் கிடையாது. அவர்கள் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை மற்ற மூவரின் கண் வழியாகத்தான் ஊகிக்க வேண்டும். கைனேனேயை வாசகர்கள் இவ்வளவு நேசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நாட்டு நடப்பு: 1960 அக்டோபர் 1 விடுதலை, 1966 ஜனவரி 15 அன்று முதலாவது ராணுவப் புரட்சி, அதே ஆண்டு ஜூலையில் எதிர்ப்புரட்சி, வடக்கே இக்போ மக்கள் மீது படுகொலைகள், 1967 மே 30 பியாஃப்ரா பிரகடனம், ஜூலை 6 போர்த் தொடக்கம், அக்டோபரில் பியாஃப்ராவின் தலைநகர் எனுகு வீழ்ச்சி, 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் நகரமும் 1969 ஏப்ரலில் உமுவாகியா நகரமும் வீழ்ச்சி, 1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைதல். வலப்பக்கத்தில் அந்தச் சமயத்தில் குடும்பம் எந்த ஊரில், எந்த வீட்டில் என்று நீங்களே நிரப்புங்கள். போரில் எல்லை சுருங்கச் சுருங்க வீடும் சிறிதாகிக்கொண்டே போவது அப்போது கண்ணுக்குத் தெரியும். பல்கலைக்கழக பங்களாவில் தொடங்கியவர்கள் ஒற்றை அறைக்கு வந்து நிற்பார்கள்.

யார் எந்த இனம் என்பதையும் குறித்துவைப்பது நல்லது. ஓடெனிக்போ வீட்டு மாலைக் கூட்டங்களுக்கு வரும் சக விரிவுரையாளர் மிஸ் அடெபாயோ யொரூபா. ஒலானாவின் பழைய காதலர் முகம்மது ஹௌசா. ஓடெனிக்போவின் கூடத்தில் நடக்கும் மாலை நேரத்துச் சூடான வாதங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகத் தோன்றும். அப்படிப் போனால் போர் வந்தபின் யார் அந்தக் கூடத்துக்கு வருவதில்லை என்பது உறைக்காது.

இனி கதை முடிச்சுகளைச் சொல்லாமல் எழுத வழியில்லை. படிக்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகத்தில் திடீரென்று வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. பெயர் சியாமாகா, எல்லோரும் பேபி என்றே கூப்பிடுகிறார்கள். ஒலானாவும் கைனேனேயும் பேசிக்கொள்வதில்லை. ரிச்சர்ட் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஏன் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. ஏதோ பக்கங்களைத் தவறவிட்டுவிட்டோம் என்று முதல் பாகத்தைத் திரும்பப் புரட்டுகிறவர்கள் பலர். ஒன்றும் தவறவில்லை, விஷயம் வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தடயம் மட்டும் உண்டு: பேபி ஒலானாவை ‘மம்மி ஓலா’ என்கிறாள். வெறும் ‘மம்மி’ அல்ல.

மூன்றாம் பாகத்தில்தான் தெரிகிறது. ஓடெனிக்போவின் தாய் கிராமத்திலிருந்து அமாலா என்ற பெண்ணைக் கூட்டிவந்து மகனோடு சேர வைக்கிறாள். பிறந்தது பெண் என்றதும் பாட்டிக்கு வேண்டாம். பெற்றவளோ குழந்தையைத் தொடக்கூட மறுக்கிறாள். ஒலானா எடுத்துக்கொள்கிறாள். இதற்கிடையில் அவளும் ரிச்சர்டும் ஒருமுறை கூடிவிட்டிருக்கிறார்கள். சகோதரிகளின் மௌனத்துக்கு அதுதான் காரணம்.

சிலர் காலவரிசைப்படி ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று படிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அப்படிப் படித்தால் பேபி முதலில் ‘அமாலாவின் குழந்தை’ ஆகிவிடுவாள். ஒலானா பெரிய மனசுக்காரி ஆகிவிடுவாள். அச்சிட்ட வரிசையில் பன்னிரண்டு அத்தியாயங்கள் பேபியை ஒலானாவின் மகளாகவே நாம் பார்த்துவிட்டோம். குண்டுவீச்சில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டோம். அதற்குப் பிறகு பிறப்பு விவரம் தெரியவந்தால் என்ன, வராவிட்டால் என்ன? குடும்பம் என்றால் ரத்தமா என்ற கேள்விக்கு அடிச்சி விவாதம் எதுவும் வைக்கவில்லை. பாகங்களை அடுக்கிய விதத்திலேயே பதில் இருக்கிறது.

இதே உத்தியை இன்னொரு இடத்திலும் செய்திருக்கிறார். சில அத்தியாயங்களின் முடிவில் வேறொரு புத்தகத்தின் சுருக்கம்போல எட்டுத் துண்டுகள் வரும். ‘நாங்கள் செத்தபோது உலகம் மௌனமாக இருந்தது’ என்பது அந்தப் புத்தகத்தின் தலைப்பு. எழுத்தாளனாக முயன்றுகொண்டிருப்பவர் ரிச்சர்ட் என்பதால் அவருடையது என்றே நம்பிக்கொண்டிருப்போம். எட்டாவது துண்டில்தான் எழுதியவன் உக்வு என்று தெரியும். இந்தப் போர் தான் சொல்ல வேண்டிய கதை அல்ல என்று ரிச்சர்டே ஒதுங்கிக்கொள்கிறார். துண்டுகளை மட்டும் தனியாக ஒருமுறை தொடர்ந்து படித்துப் பாருங்கள். ஆனால் நாவலை முடித்த பிறகு.

நான்காம் பாகத்தில் உக்வுவைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே மதுக்கடைப் பெண்ணொருத்தியைச் சிப்பாய்கள் வன்புணரும்போது அவனும் சேர்ந்துகொள்கிறான். குழுவில் மிக நீண்ட வாதம் இதன்மேல்தான் நடந்தது. இப்பகுதியைத் தாண்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஊர் திரும்பும் உக்வு, தன் சகோதரி அனுலிகாவுக்குச் சிப்பாய்கள் செய்த அதே கொடுமையைக் கேட்கிறான். முன்னதைத் தாண்டினால் பின்னதில் அவன் அமைதி நமக்குப் புரியாது. நம் அன்புக்குரியவன் நிரபராதியாகவே இருந்திருந்தால் நாவல் இன்னும் வசதியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கைனேனே எதிரியின் எல்லை தாண்டிப் பண்டமாற்றுக்குப் போகிறாள், திரும்புவதில்லை. இறந்தாளா என்று கடைசிவரை சொல்லப்படாது. பதிலைத் தேடிக் கடைசி அத்தியாயங்களை அவசரமாகப் புரட்டாதீர்கள். போருக்குப் பிந்தைய வாழ்க்கை அந்தச் சில பக்கங்களில்தான் இருக்கிறது. தோற்ற பியாஃப்ரா மக்களுக்கு வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கையில் கிடைத்தது இருபது பவுண்டு என்பது வரலாறு. பியாஃப்ரா நோட்டுகளை ஒலானா எரிக்கும் காட்சிக்கு வரும்போது அது நினைவில் இருக்கட்டும்.

புத்தகத்தின் பின்னால் ஆசிரியர் குறிப்பும், அவர் பயன்படுத்திய நூல்களின் பட்டியலும் உண்டு. முடித்த பிறகு படிக்கலாம். சமர்ப்பணத்தை மட்டும் முன்பே படியுங்கள்: அடிச்சியின் தாத்தாக்கள் இருவரும் இந்தப் போரைத் தாண்டி உயிரோடு வரவில்லை. அவர் பிறந்தது 1977இல், எனுகுவில். அவரை முதன்முறை படிப்பவர்கள் இவ்வளவு பெரிய நாவலில் இறங்கத் தயங்கினால் 2003இல் வந்த ‘பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்’ சரியான வாசல். அதிலும் என்சுக்கா வருகிறது. ஒரே குடும்பம், கம்பிலி என்ற பெண் ஒருத்தியின் குரல் மட்டுமே. தாள் பென்சில் எதுவும் தேவைப்படாது.