கதவில் கட்டிய மணி

எங்கள் நாய்க்குட்டி செம்பி எங்களிடம் வந்தபோது அவளுக்கு மூன்று மாதம். வெளியே கூட்டிப்போனால் ஒழுங்காகச் சிறுநீர் போவாள். ஆனால் வேண்டும்போது கேட்கத் தெரியாது. குரைக்க மாட்டாள், கதவைப் பிராண்ட மாட்டாள். கதவருகே போய்ப் பத்து நொடி நிற்பாள். யாரும் பார்க்கவில்லை என்றால் சத்தமில்லாமல் திரும்பி, சோஃபாவுக்குப் பின்னால் சிறுநீர் போய்விடுவாள். அந்தப் பத்து நொடிதான் அவள் கேட்கும் விதம் என்று புரியவே எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

அதற்குள் ஒரு தப்பு செய்துவிட்டோம். ஈரத்தைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட்டுத் திட்டினோம். நாய்க்கு அது எப்போதோ முடிந்துபோன விஷயம். எதற்குத் திட்டு விழுகிறது என்று தெரியாது. மனிதர் கண்ணில் படாத இடத்தில் போக வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டாள். திட்டுவதை நிறுத்தினோம். சாதாரணக் கிளீனரால் துடைத்தால் நமக்கு வாடை போய்விடும், நாய் மூக்குக்குப் போகாது. வாடைக்குக் காரணமானதையே சிதைக்கும் என்சைம் கிளீனர் வாங்கித் துடைத்த பிறகுதான் சோஃபா பக்கம் போவது குறைந்தது.

ஒரு வாரம் நோட்டில் நேரம் எழுதினேன். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில், விளையாடி முடித்ததும் என மூன்று வேளைகள் தெளிவாகத் தெரிந்தன. மற்ற நேரத்தில் வெளியே போக வேண்டும் என்று அவள் அடித்துக் கேட்கத்தான் கதவில் மணி.

மணியை எடுத்த எடுப்பிலேயே கதவில் கட்டவில்லை. முதலில் உள்ளங்கையை நீட்டுவேன். மூக்கால் தொட்டால் “சரி!” என்று சொல்லி ஒரு துண்டு தின்பண்டம். இது இரண்டே நாளில் பிடிபட்டது. அப்புறம் அதே கையில் மணி. முதல் தடவை தொட்டாள், மணி அடித்தது, மேசைக்கு அடியில் ஓடிவிட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான், வற்புறுத்தவில்லை. மறுநாள் மணியின் நாக்கில் துணியைச் சுற்றிச் சத்தத்தை அடக்கினேன். மூன்று நாள் ஊமை மணியையே தொட்டாள். பிறகு துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். முழுச் சத்தம் வந்தபோது அவள் காது மட்டும் ஒருமுறை பின்னால் போனது. ஆனால் ஓடவில்லை. பித்தளையில் அவள் மூக்கின் ஈரம் வட்டமாகப் படிந்திருந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது.

மணி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சலங்கைபோல் கீறல் விட்ட மணியில் நகம் மாட்டிக்கொள்ளும். சின்னதாக இருந்தால் கழன்று விழுங்கிவிடவும் கூடும். கொஞ்சம் பெரிய, அடிப்பக்கம் திறந்த மணிதான் நல்லது.

கதவில் அவள் மூக்கு உயரத்துக்குக் கட்டினோம். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் மணியைத் தொட்ட பிறகே கதவு திறக்கும். இந்தக் கட்டத்தில் மணிக்குத் தின்பண்டம் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும்; இல்லையென்றால் தீனி வேண்டி அடிக்க ஆரம்பிக்கும். மணி அடித்தால் கதவு திறக்கும், வெளியே போய் முடித்தால் தின்பண்டம். அதுவும் முடித்த அந்த நொடியே, அங்கேயே. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும்.

பதினாறாம் நாள் மாலை, யாரும் சொல்லாமல் தானாகவே அடித்தாள். நான் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அடுத்த இரண்டு வாரம் சோதனைதான். அணிலைப் பார்க்க அடித்தாள், காற்று வாங்க அடித்தாள். மணியைக் கழற்றிவிடலாம் என்றார் என் கணவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருமுறை பதில் வராமல் போனாலும் அவள் பழையபடி சோஃபாவுக்குப் பின்னால் போய்விடுவாள் என்று பயந்தேன். மணிக்கு எப்போதும் பதில் உண்டு, ஆனால் விளையாட்டு கிடையாது என்று முடிவு செய்தோம். வாரைக் கட்டி, நேராக அதே இடத்துக்குப் போய், பேசாமல் ஐந்து நிமிடம் நிற்போம். போகவில்லையா, உள்ளே வந்துவிடுவோம். போனால் மட்டும் அப்புறம் கொஞ்சம் ஓடி விளையாடலாம். சீக்கிரமே வெற்று மணி குறைந்தது.

ஏழாவது மாதத்தில் ஒருநாள் ஒரு மணி நேரத்தில் ஆறு முறை அடித்தாள். பழைய விளையாட்டு திரும்பிவிட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். நல்ல வேளையாக, வழக்கம்போல ஒவ்வொரு முறையும் வெளியே கூட்டிப்போனோம். ஒவ்வொரு முறையும் குந்தினாள்; சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கடைசி முறை குந்தியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றே மருத்துவரிடம் போனோம். சிறுநீரைச் சோதித்துப் பார்த்து, சிறுநீர்ப் பாதையில் தொற்று என்றார். மணி இல்லாதிருந்தால் வீட்டுக்குள்ளேயே சொட்டியிருப்பாள். பழக்கம் கெட்டுப்போய்விட்டது என்று நாங்களும் தப்பாக நினைத்திருப்போம்.

மருந்து தொடங்கிய நான்காம் நாள் காலை ஒரே ஒருமுறை மணி அடித்தது. வழக்கமான இடத்துக்குப் போய், நிதானமாக, ஒரே தடவையில் முடித்தாள். மருத்துவர் சொன்ன நாள்வரை மாத்திரையை விடாமல் கொடுத்தோம்.