குப்புறவா, ஒருக்களித்தா? என் முதுகு ஆபரேஷன் அனுபவம்

இடுப்பு முதுகெலும்பில் நாலாவது எலும்பு (எல்4), அதற்குக் கீழே இருக்கும் ஐந்தாவதுக்கு (எல்5) மேல் முன்பக்கமாக நழுவியிருந்தது. ஸ்க்ரூவும், எலும்புகளுக்கு நடுவே வைக்கும் கேஜ் என்ற சின்னக் கூண்டும் வைத்து இரண்டையும் இணைத்துவிடலாம் என்று முடிவானதும், "எப்படிப் படுக்க வைப்பீங்க டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கே பாதி நேரம் போனது.

மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிற்றுப் பக்கமாகப் போகலாம். பெரிய ரத்தக் குழாய்களை ஒதுக்க வேண்டியிருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் விலாப் பக்கமாக அகலமான கேஜ் வைக்கலாம்; ஆனால் அங்கே முதுகெலும்பை ஒட்டியிருக்கும் சோவாஸ் தசைக்குள் தொடைக்குப் போகிற நரம்புகள் ஓடுகின்றன. எனக்கோ நரம்பை நெருக்கும் எலும்பைப் பின்னாலிருந்து நேரடியாக எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே குப்புறத்தான்.

குப்புற என்றால் வீட்டில் கட்டிலில் கவிழ்ந்து படுப்பதைப் போல இல்லை. ஜாக்சன் டேபிள் என்ற முதுகு ஆபரேஷன் மேஜையில் நெஞ்சுக்கும் இடுப்பெலும்புக்கும் பேடு கொடுத்து, வயிற்றை அந்தரத்தில் தொங்க விடுகிறார்கள். வயிறு அழுந்தினால் உள்ளே பெரிய சிரையும் அழுந்தும். ரத்தம் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள சிரைகளுக்குத் திரும்பி, வெட்டுகிற இடத்தில் கசிவு கூடும். இன்னொன்றும் உண்டு. முட்டியை மடக்கி முதுகை வளைத்தால் எலும்புகளுக்கு இடையே பின்பக்கம் நன்றாகத் திறக்கும், டிஸ்க்கை மட்டும் எடுக்க அது சௌகரியம். இணைப்பு ஆபரேஷனில் அப்படியே ஸ்க்ரூவை முறுக்கினால், இடுப்பின் இயல்பான உள்வளைவு இல்லாமல் தட்டையாகவே இறுகிவிடலாம். அதனால் தொடையை நேராக நீட்டி வைக்கிறார்கள். எனக்கு இதுதான் புதுச் செய்தி.

அப்புறம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். கைகளைத் தலைப் பக்கம் தூக்கச் சொன்னார். என் வலது தோள் ஏற்கெனவே இறுகிப்போனது. விழித்திருக்கும்போது வலியில்லாமல் எவ்வளவு போகிறதோ, மயக்கத்திலும் அவ்வளவுதான் என்று குறித்துக்கொண்டார். கண்ணில் பிரஷர் உண்டா, கழுத்து வலி உண்டா என்றும் கேட்டார். கண் அழுந்தாமல் முகத்தை வைக்கத் தனி ஸ்பான்ஜ் இருக்கிறதாம். அவர் கேட்காவிட்டாலும் இதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கண் விழித்தபோது முகம் உப்பியிருந்தது, மறுநாளே வடிந்துவிட்டது. இடது தொடையின் வெளிப்புறம் மட்டும் மரத்து எரிந்தது. ஸ்க்ரூ நரம்பில் பட்டுவிட்டதோ என்று பயந்தே போனேன். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார் சர்ஜன், தூக்கினேன். இடுப்பெலும்பின் முன்முனையில் பேடு அழுந்தியதால் தோலுக்குப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறது, அது தசையை இயக்கும் நரம்பு இல்லை என்றார். எரிச்சல் சில வாரங்களில் அடங்கியது. மரப்பு போகத்தான் ரொம்ப நாளானது.