தவிட்டு லாரிகளின் கணக்கு

2020 கோடையில் பெங்களூரு மாவு மில் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ரயில்வேயின் உணவு தானியச் சரக்கு வருவாயையும் தொழில் உற்பத்திக் குறியீட்டின் உணவுப் பொருள் பிரிவையும் ஒப்பிட்டு, எவ்வளவு கோதுமை வாங்கலாம் என்று சொல்வது என் வேலை. தானிய வருவாய் ஏறினால் ஆலைகள் கூடுதலாக அரைக்கின்றன என்று உறுதியாக நம்பினேன். அந்தக் கோடையில் தானிய ரேக்குகள், அதாவது முழுச் சரக்கு ரயில்கள், வரிசையாக வந்தன. நிறைய வாங்கச் சொன்னேன்.

ஒயிட்ஃபீல்டு கூட்ஸ் ஷெட்டில் திருப்பத்தூர்க்காரரான மேஸ்திரி ஒருவர், வேகனிலிருந்து இறங்கிய மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தார். உள்ளங்கையில் கொட்டியது அரிசி. சணல் சாக்கில் பஞ்சாப் முத்திரை.

"தம்பி, இதெல்லாம் ரேஷனுக்குப் போகிறது. உங்கள் மில்லுக்கு வருகிற கோதுமை பாதி லாரியில் அல்லவா வருகிறது?"

பதில் சொல்ல முடியவில்லை. ஊரடங்கில் ஆளுக்கு மாதம் 5 கிலோ இலவச தானியம் அறிவித்திருந்தார்கள். இந்திய உணவுக் கழகம் அதைத்தான் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. 42 வேகன் கொண்ட ஒரு ரேக்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டைகள். கட்டணமோ எடையோடு தூரத்துக்கும் சேர்த்து. பஞ்சாபிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும் அரிசி வருவாயைத் தூக்கிவிடும். பக்கத்து மாவட்டத்துத் தானியம் லாரியில் வந்தால் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது. பிஸ்கட்டைக் கன்டெய்னரில் ஏற்றினால் அது தானியத் தலைப்பிலேயே வராது. ரேக்குகள் ஓடிய அதே ஏப்ரலில் நாட்டின் தொழில் உற்பத்தி படுத்துவிட்டது. எங்கள் மில்லும் ஆளில்லாமல் ஒரே ஷிப்டில் ஓடியது.

நான் வாங்கச் சொன்ன கோதுமை கிடங்கில் தேங்கி வண்டு விழுந்தது. சல்லடையில் சலித்தபோது தரையில் ஊர்ந்த வண்டுகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. தின்ன வேண்டிய தானியம் அது.

ரயில் வருவாயை இன்றும் பார்க்கிறேன், அரசு தானியம் எவ்வளவு, எவ்வளவு தூரம் என்று பிரித்த பிறகு. ஆனால் முதலில் கேட்பது தவிட்டை. கோதுமை அரைத்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தவிடாக வெளியே வந்தே தீரும். அதை யாரும் தேக்கி வைப்பதில்லை. குறியீடு வெளியாவதற்குப் பல நாள் முன்பே, மாட்டுத்தீவன வியாபாரிக்கு போன் செய்து கேட்டுவிடுகிறேன்: "அண்ணே, இந்த வாரம் எத்தனை லாரி ஏற்றினீர்கள்?"