புரோமோ போறீங்களா? ஜீப்பை விடுங்க, நடங்க!

இந்தோனேசியாவின் புரோமோ எரிமலைக்குப் போய்த் திரும்பி வந்து நாலு நாள் ஆச்சு. செருப்பை உதறினால் இன்னும் கறுப்பு மணல் கொட்டுகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் 'புரோமோ எரிமலை' என்று தேடினால் முன்னால் ஒரு கூம்பு நிற்கும், பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக. அது புரோமோ இல்லை. அதன் பெயர் பாத்தோக், அடங்கிப்போன மலை. பக்கத்தில் தலை இல்லாமல், வாயைத் திறந்து புகை விடுகிறதே, அதுதான் புரோமோ. உயரம் 2,329 மீட்டர். பெயர் நம் பிரம்மாதான், ஜாவாக்காரர் வாயில் 'ஆ' 'ஓ'வாகிவிட்டது.

கிழக்கு ஜாவாவில் புரோபோலிங்கோ ஊரிலிருந்து மலைக்கு ஒரு மினி வேன் போகிறது. 15 பேர் சேர்ந்தால்தான் எடுப்பாராம். நாங்கள் எட்டுப் பேர். மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார வைத்துவிட்டு, காலி இருக்கைக்கும் சேர்த்து எங்களையே கொடுக்கச் சொன்னார் ஓட்டுநர். இது பகல் கொள்ளை. வேறு வண்டி கிடையாது என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்துத்தான் ஏறினேன். அன்றைய சாப்பாட்டுக் காசில் பாதி அங்கேயே காலி.

அந்தக் கோபத்தில் ஜன்னலுக்கு வெளியே சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் அந்த ரோடே ஒரு அதிசயம். சாப்பிகெரெப் பள்ளத்தாக்கு வழியாக ஏறும் அந்தப் பாதை, சுமார் ஒன்றரை லட்சம் வருடத்துக்கு முன் உட்கார்ந்துபோன ஒரு பழைய எரிமலைக்குள்ளேதான் போகிறது. முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் செங்குத்துச் சரிவில் பயிராகி நிற்பதெல்லாம் அந்தப் பழைய எரிமலைப் பள்ளத்தில்தான். பாதை முடியும் செமோரோ லாவாங் கிராமம் இருக்கும் விளிம்பு, பழைய பள்ளத்துக்கும் புதிய பள்ளத்துக்கும் நடுவே வரப்பு மாதிரி.

அந்த வரப்பில் நின்று மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! காலடியில் நிலம் சட்டென்று இறங்கி, கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சமவெளி, இதைத்தான் மணல் கடல் என்கிறார்கள். சுற்றிலும் மதில் எழுப்பியதுபோல் மலைச்சுவர். நடுவில் கும்பலாக ஐந்து மலைகள்: புரோமோ, பாத்தோக், குர்சி, வாத்தாங்கான், விடோடாரென்.

இந்த மாதிரிப் பள்ளத்துக்குப் பெயர் கால்டெரா. பால் சட்டியில் ஆடை படிந்திருக்கிறது. அடியில் ஓட்டை விழுந்து பால் வடிந்துபோனால் ஆடை என்னவாகும்? அப்படியே கீழே உட்காரும். அடியிலிருந்த நெருப்புக் குழம்பு பெருவெடிப்பில் வெளியே கொட்டித் தீர்ந்ததும், மேலே இருந்த மலை தாங்க ஆளில்லாமல் உள்ளே சரிந்துவிட்டது. புரோமோ இருக்கும் இந்தத் தெங்கர் மலைக்கூட்டத்தில் இது ஒருமுறை நடந்த கதை இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து எரிமலைகள் எழுந்து, ஐந்தும் இப்படி உட்கார்ந்திருக்கின்றன. மொத்த அகலம் 16 கிலோமீட்டர். நான் பார்த்தது கடைசிப் பள்ளம், 9க்கு 10 கிலோமீட்டர். அதற்குள் முளைத்த பிள்ளைகள்தான் அந்த ஐந்து மலையும்.

எல்லோரும் விடியற்காலை மூன்று மணிக்கு ஜீப் பிடித்து, 2,770 மீட்டர் உயரப் பெனஞ்சாக்கானுக்குப் போய்ச் சூரிய உதயம் பார்க்கிறார்கள். ஜீப் வாடகை கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டே உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. அதனால் நடந்தேன். காசுக்காக எடுத்த முடிவுதான், ஆனால் இந்தப் பயணத்தில் எடுத்த மிகச் சிறந்த முடிவு அது.

சுவரிலிருந்து மணல் கடலுக்குள் இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடை. பனி விலக விலகத்தான் அந்தச் சுவரின் உயரம் புரியும். ஒரு மலையின் வயிற்றுக்குள் நடக்கிறோம் என்பது ஜீப்பில் போகிறவருக்கு உறைக்கவே உறைக்காது. நடுவில் தெங்கர் இந்துக்களின் கோயில், புரா லுகூர் போத்தென். கசாடா திருவிழாவில் இங்கிருந்துதான் காய்கறி, கோழி, ஆடு எல்லாம் சுமந்துபோய் எரிமலை வாயில் போடுகிறார்கள்.

பிறகு சுமார் 250 படி. விளிம்பில் நின்றால் கந்தக நெடி தொண்டையை அறுக்கிறது. துண்டு கட்டாயம் வேண்டும். உள்ளேயிருந்து வரும் இரைச்சல், மதகு திறந்த அணைக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி. 2004இல் இங்கே திடீரென்று வெடித்து இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போகாதீர்கள்.

தெற்கே தூரத்தில் செமெரு, 3,676 மீட்டர், ஜாவாவின் உச்சி. மகாமேரு என்றும் சொல்கிறார்கள். மேரு மலையைச் சின்ன வயதிலிருந்து கதையில் கேட்டவன் நான். அது திடீரென்று ஒரு கொத்துப் புகையை மேலே தள்ளியபோது மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

திரும்பி ஏறி வந்ததும் கிராமத்துக் கடையில் சோத்தோ ஆயம்: மஞ்சள் போட்ட கோழி ரசம், அதிலேயே சோறு, எலுமிச்சை பிழிந்து, காரச் சம்பலோடு. குளிரில் நடுங்கிய கைக்கு அந்தக் கிண்ணத்தின் சூடே போதும். நம் காசில் நூறு ரூபாய்க்குள். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று மட்டும்: வேனுக்குக் காலையிலேயே போய் நில்லுங்கள், கூட்டம் சேரும். ஏறினால் ஜன்னல் ஓர இருக்கை.